முதுகில் தைத்த எண்

மெர்போக்
மலேசியா
14.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். உங்களுக்கு இருமல் நின்றதா, இல்லை வழக்கம்போல யாரிடமும் சொல்லாமல் இருக்கிறீர்களா?

தைப்பூசத்தில் நம் சசிதரன் காவடிக் குழுவோடு உறுமி அடித்தான். இத்துடன் படம் வைத்திருக்கிறேன். பதிமூன்று வயதிலேயே உங்கள் உயரம் வந்துவிட்டான். பள்ளிக்குத்தான் மட்டம் போடுகிறான்; ஆசிரியை இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார். கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடித்து நான் வருவதற்குள் குழு அண்ணன்மாரோடு கிளம்பிவிடுகிறான். கோயில் பிள்ளைகள்தானே என்று விட்டுவிட்டேன். குழுவில் கொடுத்த சட்டையின் முதுகில் எண் உரிந்து போயிருந்தது. நானே மஞ்சள் துணியில் வெட்டித் தைத்தேன். படத்தில் பாருங்கள், தையல் எப்படி?

நீங்கள் சிங்கப்பூரில் வேலை செய்வதாகத்தான் இன்னும் நம்புகிறான்.

உங்கள்
லோகேஸ்வரி


சிறைச்சாலை
3.3.2025

அன்புள்ள ஈஸ்வரி,

அது கோயில் குழுவின் எண் இல்லை. நான் எந்தக் கூட்டத்துக்காக வெட்டுக்குத்தில் இறங்கி உள்ளே வந்தேனோ, அவர்களுடைய எண். உன்னிடம் சொல்லாதது என் தப்பு.

எனக்கும் அந்த வயதில்தான் சட்டை கொடுத்தார்கள். அப்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அவர்கள்தான் வந்து முதலில் "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார்கள்.

அவனை அடிக்காதே. சிங்கப்பூர் கதை போதும். என்னிடம் கூட்டி வா.

காளிதாசன்


மெர்போக்
10.3.2025

அன்புள்ள உங்களுக்கு,

பதினைந்து வருடம் குடும்பம் நடத்தியும் இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. கோபத்தை நேரில் தருகிறேன்.

தைத்ததை அவன் கண் முன்னாலேயே பிரித்தேன். பிறகு உங்களைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்லாம்மா. அண்ணனுங்க எப்பவோ சொல்லிட்டாங்க. அப்பா சிங்கமாம். உள்ள இருந்தாலும் அவர மறக்கவே மாட்டாங்களாம்."

நான் ஒளித்து வைத்த அப்பாவை அவர்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஓவர்டைமை விட்டுவிட்டேன். செலவுக்குக் கை கடிக்கும், கடிக்கட்டும். தினமும் நானே பள்ளி வாசலில் விட்டு, நானே கூட்டி வருகிறேன். மானம் போகிறது என்று கத்துகிறான். சட்டையைக் கேட்டுச் சண்டை போடுகிறான். தரமாட்டேன்.

உங்களைப் பார்க்க வரவே மாட்டேன் என்றான். நேற்று அவனாகவே வந்து நின்றான்.

"ஒன்னே ஒன்னு அப்பாகிட்ட கேக்கணும். இந்த ஆறு வருஷத்துல அந்த அண்ணனுங்கள்ல யாராச்சும் அவர வந்து பாத்தாங்களா?"

எனக்குப் பதில் தெரியும். நீங்களே சொல்லுங்கள். இருபத்திரண்டாம் தேதி வருகிறோம்.

லோகேஸ்வரி


சிறைச்சாலை
15.3.2025

அன்புள்ள ஈஸ்வரி,

அவனை முன்னால் உட்கார வை. ஒருவரும் வரவில்லை என்பதை நானே சொல்கிறேன். அப்போது அவன் தோளைப் பிடித்துக்கொள். கண்ணாடியைத் தாண்டி என் கை எட்டாது.

காளிதாசன்