புதினாவைக் கொன்றது உன் மெஷின் இல்லை

இல்லவே இல்லை, உன் மெஷினிலிருந்து வருவது மழை வாசனைதான். "ஓசோன்டா பேமானி" என்று நீ நூறு தடவை திருத்தினாலும், எனக்கு அது இடி விழுந்த பிறகு வரும் மழையின் வாசனைதான். இன்று காலை உன் மகள், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் உன் மெஷினை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். தண்ணீர்மேல் ஊதாப் பொறி சீறியது. நீ கண்ணை மூடுவதற்கு வெகு முன்பே நின்றது, மறுபடி ஓடியது இன்றுதான்.

பள்ளிக்கூட லேபில் கண்ணாடிக் குழாய் கழுவி ரிட்டயர் ஆனவன் நீ. பிளாஸ்டிக் பைப்பில் ஓட்டை போட்டு, மண்ணே இல்லாமல் புதினாவும் துளசியும் நட்டாய். அவற்றுக்கு விடும் உரத்தண்ணீரை முதலில் அந்தப் பொறிக்குக் காட்டுவாய்.

"இன்னாடா, புதினாவுக்கு ஷாக் குடுத்துகினு கீற?" என்பேன்.

"பிளாஸ்மாடா இது. காத்துல கீற நைட்ரஜன இஸ்து தண்ணில எறக்குது. மின்னல் செய்ற வேலை. பட்டு வேவிக்கிற ஆளு, உனக்கெங்க புரியும்?"

புரியவில்லைதான். ஆனால் தெருவில் பாதி வீட்டுச் சட்னி உன் மாடியிலிருந்துதான் போனது.

பிறகு நீ வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். நான்கு நாள் தண்ணீர் என் பொறுப்பு. "கேன் தண்ணி மட்டும் ஊத்து, வேற எதுவும் வாணாம்" என்று சொல்லித்தான் பஸ் ஏறினாய். கேன் தீர்ந்தது. வாங்கப் போக எனக்குச் சோம்பல். பட்டு நூலைச் சலவைச் சோடாவில் வேகவைத்து அலசும் எங்கள் டிரம்மில் தண்ணீர் பிடித்துத் தொட்டியில் கவிழ்த்தேன். டிரம்மைக் கழுவினேனா? மேலோட்டமாய் ஒரு அலசல், அவ்வளவுதான்.

நீ திரும்பியபோது இலையெல்லாம் மஞ்சள். வேர் அழுகிக் கையோடு வந்தது. தொட்டியருகே குந்தியபடி, "மெஷின் வேலைக்கு ஆவலடா, நம்ம கணக்குதான் தப்பு" என்றாய். எனக்குக் காரணம் தெரியும்: டிரம்மில் மிஞ்சியிருந்த சோடா. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மின்னல் அடிச்சா பனமரமே கருகுது, புதினா எம்மாத்திரம்?"

நீ சிரித்தாய். என்மேல் துளி சந்தேகம் இல்லாமல் சிரித்தாய். அதன் பிறகு அந்த சுவிட்சைத் தொடவில்லை. மாடிக்கே ஏறவில்லை. தோற்றுப்போனவனாகவே செத்தாய்.

இன்று உன் மகளிடம் சொல்லத் துணிந்தேன்.

"இத்தப் போடாதம்மா. மெஷின் மேல தப்பே இல்ல. அந்தச் செடியெல்லாம் கொன்னது நாந்தான்."

"இன்னிக்குமா கிண்டல், மாமா? வேலைக்கு ஆவலன்னு அப்பாவே சொல்லிட்டாரு."

"நெஜமாத்தான்மா. எங்க சோடா டிரம்முல..."

அவள் மெஷினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டாள். வாழ்நாளெல்லாம் பொய் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்த வாய் இது. அதில் இருக்கும் ஒரே ஒரு நிஜத்தைக் கேட்க ஆள் இல்லை.