கேடிப் பட்டியலில் ஒரு தாய்மாமன்

மாசி 2, 1957

வாடைக்காற்று. படகுப் பாய் தையல் பாதியில் நிற்கிறது. நூல் தீர்ந்தது.

முத்துமாரி கல்யாணம் பன்னிரண்டாம் தேதி. அக்காவின் ஒரே மகள். மணமாலை எடுத்துக் கொடுக்க மூவுலகிலும் தகுதியுள்ளவன் தாய்மாமனாகிய நான் ஒருவனே.

பத்து மணிக்கு ஏட்டு வந்தார். அதே பன்னிரண்டாம் தேதி மண்டபம் துறைக்கு மந்திரி வருகிறாராம். அவர் திரும்பும்வரை ஊர்க் கேடிகள் ஸ்டேஷனில் உட்கார வேண்டுமாம்.

"எத்தனை பேரு ஏட்டையா?"

"ஊருக்கே நீ ஒருத்தன்தான்யா."

ஒரு நிமிஷம் பெருமை. பிறகுதான் தேதி உறைத்தது.

மாசி 3

தூக்கமில்லை. பழைய கதை. ஆறு வருஷம் முன்பு தலைமன்னார்க் கப்பலில் வந்து இறங்கினேன். பெட்டியில் சோப்பு மூன்று. வேறு என்ன கடத்தினாய் என்றார் அப்போதிருந்த இன்ஸ்பெக்டர். பாம்பன் பாலத்தைக் கழற்றி இரண்டு தடவை கொழும்புக்குக் கொண்டுபோனேன், மழைக்கு முன் திருப்பி மாட்டிவிட்டேன் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டார், கேடிப் புத்தகத்தில்.

மாசி 5

ஸ்டேஷன் ரைட்டரிடம் கேட்டேன். கேடி என்பது இரண்டு இங்கிலீஷ் எழுத்தாம். விரித்தால் 'தெரிந்த கொள்ளைக்காரன்'. யாருக்குத் தெரிந்த? புத்தகத்தில் என் அப்பா பெயரே தப்பு.

இன்று ஊரில் யார் யாரைக் கேடி என்றார்கள்:
அக்கா, ஆட்டை. (துவைத்த சேலையைத் தின்றது.)
டீக்கடைக்காரர், சீனி கூடக் கேட்டவரை.
பக்கத்து வீட்டுக்காரி, தன் கைக்குழந்தையை, முத்தம் கொடுத்துக்கொண்டே.
எல்லோரும் வெளியே திரிகிறார்கள். உட்கார வேண்டியவன் நான் மட்டும்.

மாசி 8

வெயில். மாப்பிள்ளையின் அப்பா வாலிநோக்கத்திலிருந்து வந்தார். உப்பளத்து மேஸ்திரி. மோரை வாங்கினார், குடிக்கவில்லை.

"பொண்ணுக்கு மாமன் கேடியாம்ல. ஒதுங்கி இருக்கச் சொல்லுங்க. மாலைய வேற யாராவது குடுக்கட்டும்."

உள்ளிருந்து முத்துமாரி:

"எங்க மாமா கையால வந்தாத்தான் அது மாலை. இல்லன்னா உங்க மகன வேற கழுத்துப் பாக்கச் சொல்லுங்க."

மேஸ்திரி மோரைக் குடித்துவிட்டார். ஒரே மடக்கு.

மாசி 11

ஏட்டிடம் ஒரு மணி நேரம் மட்டும் விடச் சொன்னேன். முடியாது, வேலை போய்விடும் என்றார். பாவம், அவருக்கும் நாலு பெண்கள். நான் கெஞ்சியது இதுவே முதலும் கடைசியும்.

முத்துமாரியிடம் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன். "ஸ்டேஷன் கோயிலுக்குப் போற வழியிலதான மாமா இருக்கு" என்றாள். இந்தப் புத்தி அவள் அப்பன் வீட்டு வகையறாவில் ஏழு தலைமுறைக்குக் கிடையாது.

மாசி 12

விடியலில் ஆஜர். பூ, நார், பாய் தைக்கும் ஊசியுடன். ஊசி ஆயுதமாம், பிடுங்கிக்கொண்டார்கள். கையாலேயே கட்டினேன். கேடிகளின் போட்டோப் பலகைக்கு அடியில் உட்கார்ந்து. என் போட்டோவில் ஒரு கண் மூடியிருக்கிறது.

ஒன்பது மணி. நாதஸ்வரம். ஊரே ஸ்டேஷன் வாசலில். மேஸ்திரி கடைசியில், தரையைப் பார்த்தபடி. முத்துமாரி படியேறி வந்து தலைகுனிந்தாள்.

"குடுங்க மாமா. நேரமாகுது."

ஏட்டு எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. மாலையை அவள் கையில் கொடுத்தேன். கண்ணில் கடல் பொங்கி ராமேஸ்வரம் தீவு மூழ்கிற்று. மிகை இல்லை.

சாயங்காலம் ஐந்தரை. மந்திரி வரவேயில்லையாம். போகும்முன் கேடிகள் புத்தகத்தில் கையெழுத்து. பெயருக்கு எதிரே கேடி என்றிருந்ததை அடித்துவிட்டுத் தாய்மாமன் என்று எழுதினேன், கொட்டை எழுத்தில்.

"ஏய்யா, என்ன காரியம் பண்ற" என்று ஏட்டு திருத்தப் பேனா தேடினார். ஸ்டேஷனுக்கே ஒரு பேனா.

அதில்தான் இதை எழுதுகிறேன்.