குறை இல்லாத ஏழு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அவரவர் வயதுக்குத் தகுந்த நலத்தோடு இருக்கிறோம், அங்கே நீ நலமாக இருப்பதாகப் போனில் சொல்வதில் பாதியை நம்பி, மீதிக்குக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் முக்கியமான செய்தி. உன் அப்பா மீசையை எடுத்துவிட்டார். அவசரப்பட்டு எடுத்த முடிவு இல்லை, பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, கண்ணாடி முன் வெகுநேரம் நின்று, கடைசியில் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து அறிவித்தார். போன கூட்டத்தில் ஒரு பழைய காமிக்ஸைக் குனிந்து சோதித்தபோது மீசையிலிருந்து ஒரு முடி பக்கங்களுக்கு நடுவில் விழுந்துவிட்டதாம், இடுக்கியால் அதை எடுத்து முடிக்கும்வரை அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லையாம். கல்யாணமான புதிதில் நான் கெஞ்சிக் கேட்டும் எடுக்காத மீசை அது. இப்போது முகம் வேறு யாருடையதோ போல இருக்கிறது, பேச்சை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறேன்.

கூட்டம் உனக்குத் தெரிந்த கூட்டம்தான், நீ போன பிறகு சட்டதிட்டங்கள் மட்டும் கூடிவிட்டன. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நம் முன்னறையில் வந்து உட்காருகிறார்கள், ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பின்னால் அட்டை கொடுத்து நிறுத்திய காமிக்ஸ். கையைக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவைத்த பிறகுதான் உறையைத் தொடலாம். காபி கிடையாது, ஃபேன் கிடையாது, தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போய்விட வேண்டும். கதையை ஒருவரும் படிப்பதில்லை, படித்தால் தேய்ந்துவிடும். உன் அப்பா லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணும் அதன் கீழே குறைகளை வரிசையாகவும் ஒரு சீட்டில் எழுதி மடித்து ஒட்டிக் கொடுப்பார், மாற்றிக்கொள்வதெல்லாம் அந்தச் சீட்டை வைத்துத்தான், வாங்குகிறவர்தான் பிரித்து எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். கடைகளுக்குப் போய் எடைக்கல் சோதிக்கிற உத்தியோகத்தில் இருந்தவர் என்பதால் அவருக்கு இந்த மரியாதை. தராசில் ஒரு கிராம் விட்டுக்கொடுக்காதவர் இங்கேயும் அரைப் புள்ளி விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவுக்கே ஐந்தரை போட்டவர், குறைகள்: ஓரத்தில் கறை, மூலையில் மடிப்பு, மணமகள் வேறெங்கோ பார்ப்பது.

இனி உன் மாமா, என் தம்பி விஷயம். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். சிறுநீரகம் கெட்டு அவன் வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்குப் போய்வருவது உனக்குத் தெரியும். மழைக்காலம் முடிவதற்குள் சரியாகிவிடும், பிறகு அந்த டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருந்தோம், உனக்கும் அதையேதான் சொன்னேன். போன மாதம் அவனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது டாக்டர் உன் அத்தையையும் அப்பாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இதயம் தாங்காது, இதெல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான், வீட்டில் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தை அங்கேயே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அவருக்கு மட்டும் தெரியக்கூடாது, தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவாரு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கம்பி எத்தனை நாள் தாங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிறவன். அவனிடம் மறைக்கிறோம் என்று நாங்கள் எல்லோரும் மிகவும் தைரியமாக நம்பினோம்.

வீட்டுக்கு வந்தவன் வாய் திறந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான். கலங்கரை விளக்கத்தில் குடியிருக்கிற அந்தத் துப்பறிவாளரின் கதை வரிசை முழுவதும் அவனிடம் இருக்கிறது, பதினோராவது இதழ் மட்டும் இல்லை, "நடுப்பல் விழுந்த மாதிரி இருக்கு அக்கா, அலமாரியைப் பார்த்தாலே சிரிப்பு வருது" என்பான். அந்தப் பதினொன்று பல் டாக்டரிடம் இருக்கிறது. பல் டாக்டரைத் தெரியுமே, கூட்டத்துக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவர். அவர் அதற்கு ஈடாகக் கேட்பது உன் மாமாவிடம் இருக்கிற கடற்கொள்ளைக்காரி முதல் இதழ், ஆனால் சீட்டில் ஆறுக்குக் குறையக்கூடாது. உன் அப்பா பல வருஷம் முன்பு அதற்கு ஐந்து போட்டார், தாள்களைக் கோத்திருக்கும் பின்னில் துரு, முதுகில் விரிசல், அட்டையில் வெள்ளைக் கோடு. அந்த ஒரு புள்ளிக்காக இவன் ஒரு மழைக்காலம் முழுவதும் நம் வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது படுத்துக்கொண்டே, "அத்தான், இன்னொரு தடவை பாருங்க, அன்னிக்கு உங்களுக்குப் பல்வலி, அதுல ஒரு புள்ளி எனக்குக் கொறைஞ்சுபோச்சு" என்றான். அப்பாவும் லென்ஸை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

அத்தையின் தையல் மெஷின் இருக்கிற முன்னறையைத் தாண்டினால் அவன் கட்டில். புத்தகத்துக்குச் சொந்தக்காரன் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது விதி, அதனால் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான், அந்த நிலையிலும் விதி விதிதான். அப்பா உறையைப் பிரித்தார், லென்ஸை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், பிறகு தண்ணீர் வேண்டும் என்று புத்தகத்தோடேயே சமையலறைக்கு வந்துவிட்டார். அவர் பின்னாலேயே அத்தை வந்து, "கண்டுபிடிச்சிட்டீங்களா? அவர்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணா" என்று குசுகுசுவென்று சிரிக்கிறாள். இவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் அலமாரியைச் சுத்தம் செய்திருக்கிறாள், இந்தப் புத்தகம் கிழிந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். கிழிந்த துணியில் கிழிசல் தெரியாமல் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு, ஊரெல்லாம் அதற்காகத்தான் அவளிடம் வருகிறது. "துருப்பிடிச்ச பின்னு, கையில குத்தினா என்னாகறது, அவருக்கு இருக்கிற ஒடம்புக்கு? புடுங்கித் தூரப் போட்டுட்டேன். நூல்லதான் தைச்சிருக்கேன், கோடு போன எடத்துல கலர் பென்சில் வெச்சேன். தெரியுதா சொல்லுங்க?" அப்பா, "தெரியலம்மா" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன், எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இதில் என்ன என்று நீ கேட்பாய், நானும் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். துருப்பிடித்த அந்தப் பழைய பின்தான் இவர்களுக்குப் பிறவி மச்சம் மாதிரி, இருந்தால்தான் அசல். பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தால், எவ்வளவு அழகாகச் செய்தாலும், அதற்குக் கை வைத்த பிரதி என்று பெயர், இரண்டுக்கு மேல் போட முடியாது. இரண்டு என்று சீட்டில் வந்தால் மாற்று நடக்காது, ஏன் என்று இவன் கேட்பான், அத்தை தன் கையால் என்ன செய்தாள் என்பது அவளுக்கே தெரிந்துவிடும், இருக்கிற கொஞ்ச காலமும் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே கழிக்க வேண்டும். ஆறு என்று எழுதிவிடுங்கள், யார் லென்ஸை எடுத்துக்கொண்டு வரப்போகிறார்கள் என்றேன். அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆறுன்னு எழுதினா இதுவரைக்கும் எழுதினதெல்லாம் என்னது?" என்றார். சாப்பிடாமல் படுத்தவரை எழுப்பி மறுநாள் பல் டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். அந்த மனிதர் நோயாளி ஒருவரை வாயைத் திறந்தபடி நாற்காலியில் விட்டுவிட்டு எங்களோடு வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "ரெண்டோ மூணோ, குடுத்துடறேன் சார். சும்மா குடுத்தா அவர் வாங்க மாட்டார், அதுதான் கஷ்டம். ஒண்ணு பண்ணுங்க, நீங்க உள்ளதை எழுதுங்க, உங்க பேனா சுத்தமா இருக்கட்டும், நான் ஆறுன்னு படிச்சிடறேன். வலிக்காதுன்னு தினம் எத்தனை பேருக்குச் சொல்றேன், இதுல என்ன" என்றார். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. உண்மை காகிதத்தில் இருக்கும், பொய் காற்றோடு போகும், எல்லோரும் நல்லவர்களாக வீடு திரும்பலாம்.

குறித்த சாயங்காலம் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். இவன் அத்தையிடம் கேட்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டிருந்தான், கால் இரண்டும் வீங்கிப் போர்வைக்குள் இருந்தன. பல் டாக்டர் அந்தக் காலைப் பார்த்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. சீட்டைப் பிரித்தார், தொண்டையைச் செருமினார், ஆறு என்று சொல்ல வேண்டியவர் மனசு இளகி, "ஏழு" என்று படித்துவிட்டார். என் தம்பியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அவன் பத்தாவது பாஸானபோது கூட அப்படி வரவில்லை. அந்த வெளிச்சத்தோடேயே, "குறை என்ன போட்டிருக்கார்?" என்று கேட்டான். பல் டாக்டருக்கு முன்னால் இருந்த சீட்டில் பின், நூல், பென்சில் என்று மூன்று வரி இருக்கிறது, ஒன்றையும் படிக்க முடியாது, வேறு எதுவும் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. "குறை ஒண்ணும் போடல தம்பி" என்றார்.

குறை இல்லாத ஏழு என்று ஒன்று கிடையாது. குறை இல்லை என்றால் அது பத்து, மூன்று புள்ளி போனால் அந்த மூன்றும் எதற்குப் போயிற்று என்று எழுத வேண்டும், இது எனக்கே தெரியும், ஒரு ஞாயிறு கூட உள்ளே விடப்படாத எனக்கே தெரியும். என் தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா டியூப்லைட்டைப் பார்த்தார். அந்தப் புது முகத்தில் ஒளித்துக்கொள்ள ஓரிடமும் இல்லை. இவன் பதினொன்றைக் கையில் வாங்கிக்கொண்டான், முதல் இதழைக் கொடுத்தான், பல் டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொன்னான், அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தான். பிறகு என்னிடம், "புத்தகத்துக்கு வயசானா எறங்கும் அக்கா, ஏறாது. அத்தான் எனக்கு இதுவரைக்கும் ஒரு கால் புள்ளி கூடப் பிச்சை போட்டதில்ல. டாக்டர் என்ன சொல்லியிருக்கார்?" என்றான். முன்னறையில் அத்தையின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. நான் அச்சகத்தில் வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவள், அந்த நேரத்தில் அவன் கால்மாட்டுப் போர்வையைத்தான் திருத்தினேன். "சரி, சொல்ல வேணாம். சீட்டைப் படிச்சுட்டாங்களே" என்று அவனே முடித்துக்கொண்டான்.

அழுதுகொண்டே வந்த அத்தையை உட்காரச் சொல்லி, பதினொன்றை உறையிலிருந்து எடுக்கவைத்து, கண் மங்கலாக இருக்கிறது, நீ படி என்றான். கையைக் கழுவிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றான். அவள் கண்ணைத் துடைத்த விரலாலேயே பக்கத்தைத் திருப்பிப் படம் படமாகச் சொன்னாள், டுமீல் என்பதை இடுப்பளவு சொல்லுகிற மாதிரி படித்தாள், "அது துப்பாக்கி, கொஞ்சம் கோபமா படி" என்று இவன் திருத்தினான். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஈரக்கை பட்ட இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துப்பறிவாளர் பதினோராவது இதழிலும் யாரையும் பிடிக்கவில்லை, தொடரும் என்று போட்டிருக்கிறதாம்.

நீ கவனிக்க வேண்டியது இதுதான். நூல் விஷயம் மாமாவுக்கும் தெரியாது, அது தப்பு என்பது அத்தைக்கும் தெரியாது. தான் தைத்துக் கொடுத்ததால்தான் ஐந்து ஏழாயிற்று என்று அவள் நம்புகிறாள், துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உன்னிடமும் சொல்வாள், பாராட்டிவிடு. மாமாவிடம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று ஆரம்பிக்காதே, அந்தக் கட்டம் முடிந்துவிட்டது, அலமாரியில் பல் வரிசை எப்படி இருக்கிறது என்று கேள், அதற்கு நன்றாகப் பதில் சொல்கிறான். அப்பாவிடம் எதையும் கேட்காதே. இந்த ஞாயிறு கூட்டம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார், முன்னறையில் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போவதை நிறுத்து, இருமல் போனில் கேட்கிறது. லீவு கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் இப்போதே கேட்டு வை, கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் அதற்காகச் சண்டை போட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, வெட்கப்படாமல் தூங்கு. நானும் அப்பாவும் உன்னை நினைக்காத நாள் இல்லை, எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று, செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் இனி மாமாவுக்குப் போன் செய்யலாம், வீட்டில்தான் இருப்பான். ஆஸ்பத்திரியில் அவனுடைய நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உன் அம்மா