முகத்துக்குப் பூட்டிய விளக்கு

இன்று காலை மருந்துக் கடையிலிருந்து ஒருவர் என் மாத்திரைகளைக் கொண்டுவந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளவத்தையில் இந்த ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளை விட வேறு இடமில்லாமல் எங்கள் வாசற்படியோடு ஒட்டி நிறுத்தினார். கைபிடியில் தொலைபேசி பூட்டியிருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் வயர் தலைவிளக்கின் பின்னாலிருந்து புறப்பட்டு, இரண்டு இறப்பர் வளையங்களில் தொங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. "தம்பி, அந்த வயரை உள்ளுக்கு விட்டுக் கட்டக்கூடாதோ?" என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நீங்கள் கண்மூடி ஒன்பது வருடங்களாகின்றன. எல்லோருக்கும் கடிதம் எழுதுகிற நான் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்பது தெரியும். அதனால்தான் எழுதவில்லை.

கொட்டாஞ்சேனையில் நாம் இருந்த மேல்வீட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்குப் பேலியகொடையில் கிடங்குப் பொறுப்பாளர் வேலை. ஒவ்வொரு பின்னேரமும் ஆற்றுப் பாலத்தைக் கடந்து வர வேண்டும். பாலத்தடியில் இராணுவச் சாவடி. சாவடியை நெருங்கும் வாகனம் தலைவிளக்கை அணைக்க வேண்டும். கார் என்றால் உள்விளக்கைப் போட வேண்டும், இருப்பவர்களின் முகம் தெரிவதற்காக. மோட்டார் சைக்கிளுக்கு உள் ஏது? விளக்கை அணைத்ததும் நீங்கள் தலைக்கவசம் போட்ட ஒரு கறுப்பு உருவம். ஒரு நாள் ஒருவன் துப்பாக்கியைச் சுட ஆயத்தமாக்கி நீட்டிக்கொண்டே "கவுத?" என்று கேட்டிருக்கிறான். யார் நீ என்ற அந்த ஒரு சொல்லுக்கு நீங்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் காட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தபோது கிண்ணம் பல்லில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"இஞ்சேரும், அவங்கள் பயத்திலைதான் துவக்கை நீட்டுறாங்கள்" என்றீர்கள். "இருட்டுக்குள்ளை ஹெல்மெற் மட்டும்தான் தெரியுது. என்ர முகம் தெரிஞ்சால் ஆர் பயப்பிடுவான்?"

"அது உண்மை. நானே பயப்பிடுறதில்லை."

சிரித்தீர்கள். அந்த வாரமே உங்கள் யோசனை பிறந்தது. முகத்துக்கு ஒரு விளக்கு. இடப்பக்கக் கண்ணாடியின் தண்டில் ஒரு சிறு பல்ப், உங்களையே பார்த்தபடி. சாவடிக்காரன் கேட்பதற்கு முன் நீங்களாகவே முகத்தைக் காட்டிவிடலாம், கையிலிருக்கும் அடையாள அட்டையையும் காட்டிவிடலாம். தமிழனாய்ப் பிறந்து கொழும்பில் இருப்பவனைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு தேவை வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் தலைவிளக்கைக் கழற்றி, அதன் பின்னால் யப்பான்காரன் சும்மா விட்டுவைத்திருந்த வெள்ளை இணைப்பு ஒன்றை எனக்குக் காட்டினீர்கள். இரண்டு கம்பிகள் வந்து சேர்ந்து, எதிலும் பூட்டாமல் நின்றது. "பாரும், பின்னொரு நாளைக்குத் தேவைப்படும் எண்டு இதை வைச்சுத்தான் அனுப்பியிருக்கிறான். பற்றரியிலை நேரை கொழுவினால் சாவியை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டிருக்கும். இதிலை சாவி திருப்பினால்தான் கரண்ட் வரும்." ஒரு கம்பி மின்சாரத்துக்கு, மற்றது வண்டியின் உடம்புக்கு. நடுவில் ஒரு சிறு பியூஸ். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னீர்கள். எனக்கு விளங்கியது, விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு இருவரும்தான் போனோம். உதிரிப்பாகக் கடை முஸ்லிம் நானா சுவிச்சை எடுத்து வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தார். "சேர், இத ஹாண்டில்லயே வைங்க. கை ரெண்டும் மேல ஈக்கணும். இந்தக் காலத்துல கைய கீழ உடப் படாது."

நான்தான் குறுக்கிட்டேன். "ஹாண்டிலிலை ஏற்கெனவே ஆயிரம் சாமான். இதையும் கட்டித் தொங்கவிட இவர் என்ன ஐஸ்கிரீம் வானோ ஓடுறார்? சுவிச்சைச் சீற்றுக்குக் கீழை வைக்கலாம்தானே."

"மிஸ் சொன்னா அப்பீல் இல்ல" என்றார் நானா.

"மதர் சொன்னாச் சரி" என்றீர்கள் நீங்கள். கன்னியர் மடத்தில் படித்த குற்றத்துக்காக நீங்கள் எனக்கு வைத்த பெயர் அது. கல்யாணம் முடித்த மாதமே வைத்தீர்கள்.

கம்பிகளை இணைத்தது நீங்கள். மூடிக் கட்டியது நான். எங்கள் மடத்தில் தையல் படிப்பித்த மதர் துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் புள்ளி போடுவார். பின்பக்கம் முன்பக்கத்தைப் போல இருக்க வேண்டும், முடிச்சொன்று தெரிந்தால் முழுவதையும் பிரிக்க வேண்டும். அந்தக் கையால் உங்கள் வயரைச் சுற்றினேன். கறுப்பு நாடாவை அரைவிரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடும்படி, தலைவிளக்கிலிருந்து பெற்றோல் தாங்கியின் அடி வழியாக, உங்கள் இடத்தொடை ஓரம் சீற்றின் கீழ் சுவிச் இருக்கும் இடம்வரை. வெளியே எதுவும் தெரியவில்லை. தொழிற்சாலையிலேயே அப்படி வந்ததுபோல் இருந்தது. குனிந்து தேடிய நீங்கள், "வயர் எங்கை போட்டுது?" என்று கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே போனது. பாலத்தடிப் பையன்கள் உங்களுக்கு "லைற் மாத்தயா", விளக்கு ஐயா, என்று பெயர் வைத்துவிட்டார்களாம். நீங்கள் முகத்தில் வெளிச்சத்தைப் போட்டதும் ஒருவன் தன் முகத்தையும் நீட்டி, "மகே மூணத் பலண்ட" என்பானாம், என்ர முகத்தையும் பாருங்கோ என்று. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. காலையில் நகரில் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. பின்னேரம் பாலத்தடியில் பழைய பையன்கள் இல்லை, புதியவர்கள். நீங்கள் வழக்கம்போலத் தலைவிளக்கை அணைத்தீர்கள். வழக்கம்போல இடக்கையைச் சீற்றின் கீழ் கொண்டுபோனீர்கள்.

ஏழு மணிக்கு உங்கள் கிடங்கின் லொறிச் சாரதி வந்து படியில் நின்றார். சிங்களவர், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். "மிஸி, மாத்தயாவ ஆமி புடிச்சது. லைற் போடப் போனது. துவக்கால அடிச்சது. பொலிசுக்குக் குடுத்தது." எந்த நிலையம் என்பதையும் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பின்னர் அவரை நான் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை பின்னேரம் ஏழு மணி. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு நிலையத்தில் நின்றேன். சாம்பல்நிறச் சேலை, குடை, கொழும்பிலுள்ள தமிழர் கையோடு வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு. வாசலில் ஒரு பெண் பொலிஸ் என் கைப்பையை மேசையில் கொட்டினாள். சுவரோர நீள வாங்கில் மூன்று தமிழ்ப் பெண்கள் காத்திருந்தார்கள். ஒருத்தியின் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கட்டிக்கொள்ளவும் அவளுக்குத் தோன்றவில்லை. நான் பொறுப்பதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசினேன். அவர் எழுந்து நின்றார். நாற்காலி போடச் சொன்னார். அந்த நாற்காலியில் அமர்ந்தபோது, வாங்கில் இருந்தவர்களில் ஒருத்தி நான் இல்லை என்று மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அவர் மேசையின் இழுப்பறையைத் திறந்து என் வயரை எடுத்து வைத்தார். முழு நீளமும், வெட்டாமல்.

"பாருங்கள், மேடம்" என்றார். "இது சாதாரண ஆள் செய்த வேலையில்லை. குண்டு செய்யப் பயிற்சி பெற்ற கை. உங்கள் கணவர் தானே சுற்றியதாகச் சொல்கிறார். நாடாவைக் கொடுத்துச் சுற்றச் சொன்னோம். குழந்தைப்பிள்ளை வேலை. அப்படியென்றால் இதைச் சுற்றியவன் வேறொருவன். அந்தப் பெயரைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டோம். சொல்கிறார் இல்லை. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

மிகச் சுத்தமான ஆங்கிலத்தில், ஒரு சொல் தடுமாறாமல் சொன்னேன். சொன்ன பிறகு நன்றி என்றும் சொன்னேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பயந்தேன் என்று எழுதினால் போதும், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும் என்றால் நான் தடுமாறியிருப்பேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து அந்த வாங்கில் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். உள்ளே நீங்கள் என் பெயரை விழுங்கிக்கொண்டிருந்தீர்கள். வெளியே நான் குடையை விரித்தேன்.

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கொழும்பே போகும், சைவர், வேதக்காரர் என்ற பேதமில்லை. பின்னேரம் நானும் போனேன். மெழுகுதிரி கொளுத்தினேன். கொளுத்திவிட்டு, மற்றவர்கள் சாய்த்து வைத்துவிட்டுப் போன திரிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு மனுசி, "அக்கா, அது ஆற்றையோ திரி, விடுங்கோ" என்றாள். அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன், வயரைச் சுற்றிய அதே விரல்கள்.

புதன் காலை திரும்பவும் போய், சுற்றியது நான்தான் என்று சொன்னேன். பொறுப்பதிகாரி சிரித்தார். "மனைவி எதையும் சொல்லுவாள்." நான் நாடா கேட்டேன். கத்தரிக்கோல் கேட்டேன். கத்தரிக்கோலைக் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் யோசித்தார்கள். பிறகு கொடுத்தார்கள். அந்த மேசையிலேயே, தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு முழ வயரைச் சுற்றினேன். நிலையமே வந்து சுற்றி நின்றது. "ஹரி லஸ்ஸனய்" என்றான் ஒருவன். வடிவு என்றுதான் சொன்னான். இன்னொருவன் கைதட்டினான். என் கை நடுங்கவில்லை. அதற்காக நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

நடுவில் உங்களைக் கொண்டுவந்து சுவரோடு நிறுத்தினார்கள். உதடு வெடித்திருந்தது. வலக்கையைச் சாரத்தின் ஒரு கிழிசலில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தீர்கள். நான் சுற்றுவதைப் பார்த்தீர்கள்.

"மதர்," என்றீர்கள், "கடைசிச் சுற்று கொஞ்சம் சரிஞ்சு போச்சு."

அடுத்த நாள் விட்டார்கள். முச்சக்கர வண்டியில் நீங்கள் ஒரேயொரு கேள்விதான் கேட்டீர்கள். "நீர் எப்ப கேள்விப்பட்டனீர்?"

"ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடினனான். நேற்றுக் காலமைதான் தெரியும். உடன வந்தனான்."

"அதுதானே" என்றீர்கள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். என் முதல் வருகையை அவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்களோ என்று உங்கள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் தெரியாது.

மூன்று விரல்கள் கோணலாகத்தான் பொருந்தின. அதன் பிறகு நீங்கள் ஒரு திருகாணிகூடப் பிடிக்கவில்லை. மோட்டார் சைக்கிளும் திரும்பி வரவில்லை. வெள்ளவத்தைக்கு வந்தோம். வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னீர்கள், அதுவும் என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்திவைத்து. "அண்டைக்கு இரவும் அடுத்த நாள் காலமையும் அடி மட்டும்தான். செவ்வாய் பின்னேரம்தான் விரலிலை கை வைச்சவங்கள். கேள்விப்பட்ட உடன மனுசி ஓடி வராட்டி மற்றக் கையும் போயிருக்கும். பொலிசுக்கே தையல் வகுப்பெடுத்த மனுசி." அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தேநீர் ஊற்றுவேன். செவ்வாய் பின்னேரம் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குச் செவ்வாய் காலை எட்டு மணி ஞாபகம் வரும்.

உங்களிடம் அன்பாய் நடந்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. சோறு சிந்தினால் விருந்தாளிகள் முன்னாலேயே, "ஒழுங்காய்ச் சாப்பிடத் தெரியாட்டிக் கரண்டியை எடுங்கோ" என்றேன். சட்டைப் பித்தானைப் பூட்ட முடியாமல் நீங்கள் நிற்கும்போது, இரண்டு நிமிடம் நிற்கவிட்டுத்தான் வந்து பூட்டினேன். "சரி, மதர்" என்பீர்கள். நீங்கள் ஒரு தடவையாவது என்னை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடித்தோம். உங்கள் தம்பி எழுதினார், அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க என்னிடம் தந்தார். நான்தானே பார்க்க வேண்டும். ஊரின் பெயரில் ஒரு பிழை, தேவாரத்தில் இரண்டு, ஒற்று விடுபட்ட இடங்கள் பல, எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தினேன். எட்டாம் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. "செய்தி கேட்ட அக்கணமே காவல் நிலையம் விரைந்து, தன் கைத்திறத்தால் கணவனை மீட்ட உத்தமி." அதை இரண்டு முறை வாசித்தேன். 'காவல்நிலையம்' ஒரே சொல்லாக வர வேண்டும் என்று ஓரத்தில் குறித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தப் புத்தகம் இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம் ஆட்கள் வீடுகளில் சாமிப் படத்தட்டில் இருக்கிறது. நான் போன பிறகு என் கல்வெட்டிலும் அதே வரியைத்தான் எடுத்துப் போடுவார்கள். என்னிடமுள்ள பிரதியில் இன்று 'அக்கணமே' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'மூன்றாம் நாள்' என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது. இதை வேறு எவருக்கும் இன்னும் காட்டவில்லை.