இரண்டு பேருக்கு அளவான வீடு

ஸ்காபரோ,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பின் துஷாந்துக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமென்றுதான் சொல்வீர்கள். அதில் பாதியை நம்புகிறேன். போனில் கதைத்தால் சாப்பாட்டிலும் கார் பற்றரியிலும் வந்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். அல்பேர்ட்டாக் குளிருக்குப் போட்ட கையுறையைக் கழற்றிவிட்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. ஹீற்றர் திருத்தியாயிற்று. பக்கத்து வீட்டு றிச்சர்ட் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிடுகிறார். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்பார். அடுத்த கிழமை என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்கு வரவேண்டிய இரண்டு லீவிலும் வேறொருவனுடைய ஷிப்டை வாங்கிச் செய்திருக்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும்.

பிக்கரிங்கில் சிவபாதம் அண்ணையின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு நடந்த அன்று, நான் ஆலாத்தி எடுக்கத் தட்டோடு மேடையேறினேன். சடங்கை முன்னின்று நடத்திய பேபி அன்ரி "நீ இரு பிள்ளை, களைச்சுப்போனாய்" என்று தட்டை என் கையிலிருந்து வாங்கி, பிள்ளை பெற்ற இன்னொருத்தியிடம் கொடுத்தார். நீங்கள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தட்டு எனக்கு வலித்ததுதான் துஷாந்த். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுப் பக்கமே வராமல் இருப்பது அதைவிட வலிக்கிறது.

ஆகவே ஒரு யோசனை வைத்திருக்கிறேன். சித்திரையில் ஒரு கிழமை லீவு எடுங்கள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் போன பயணமெல்லாம் லண்டன் கலியாணவீடும் பாரிஸ் செத்தவீடும்தான். சொந்தக்காரர் வீட்டுச் சோபாவைத் தவிர வேறெங்கும் படுத்ததில்லை. போன இடமெல்லாம் தேத்தண்ணி வருமுன்னே "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ" என்ற கேள்வி வந்துவிடும். அதனால் எங்களை ஒருவருக்கும் தெரியாத ஊராகத் தேடினேன். கரிபியனில் டொமினிக்கா என்று ஒரு சின்னத் தீவு. சனம் கும்பல் கும்பலாகப் போகிற டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாக் கடற்கரை இல்லை. இது மலையும் காடும் ஆறுமாக இருக்கிற இடம்.

மலைச்சரிவில் ஒரு மரவீடு பார்த்திருக்கிறேன். கொஞ்சத் தூரம் நடந்தால் வெந்நீர் ஊற்று. ரீவி கிடையாது. முற்றத்தில் ஈரப்பலா மரம் நிற்கிறதாம். விடியற்காலையில் கிளிகள் வருமாம், சத்தம் கேட்டால் பறந்துவிடுமாம். உங்கள் குறட்டையை நினைத்துச் சிரித்துவிட்டேன். றூஜ் ஆற்றங்கரையில் ஒரு பறவைக்காக என்னைக் கால் விறைக்கும்வரை நிற்கவைத்த மனிதர் நீங்கள். எனக்கு அந்த மனிதரோடுதான் போக வேண்டும்.

வாய் சும்மா கிடக்காமல் இதைக் கோயிலில் துர்க்கா மச்சாளிடம் சொல்லிவிட்டேன். பின்னேரமே வட்ஸ்அப்பில் குழு தொடங்கி, அஜக்ஸிலும் மிசிசாகாவிலும் இருக்கிற பாதிச் சொந்தம் புறப்பட ஆயத்தமாகிவிட்டது. றைஸ் குக்கர் யார் கொண்டுவருவது என்றுகூடப் பேச்சு. அங்கே பஃபே இல்லை, மழையில் மலை ஏற வேண்டும், குளியலறையில் பல்லி இருக்கும் என்று எழுதிவிட்டேன். ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள்.

பேபி அன்ரி மட்டும் எனக்குப் போன் எடுத்தார். "ரண்டு பேராப் போய் மூண்டு பேரா வாங்கோ பிள்ளை" என்றார். அவர் மனதார வாழ்த்தியதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் கிளினிக்கோடு கதைத்து, இந்த வருடம் பிள்ளைக்காக இன்னொரு முயற்சி வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். கோபமென்றால் நேரில் வந்து கோபியுங்கள். ஊசியும் சோதனையும் காத்திருப்புமாக ஓடியதில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பதையே விட்டுவிட்டோம். பிள்ளை ஆசை எனக்குப் போய்விடவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக உங்களையும் இழக்க என்னால் முடியாது.

பிறகு டொமினிக்காவில் அந்த மரவீட்டுக்காரியைப் போனில் அழைத்தேன். எத்தனை பேர் என்று கேட்டாள். நானும் கணவரும், இரண்டு பேர் என்றேன். அடுத்து, பிள்ளைகள் இல்லையா என்ற கேள்விதான் வருமென்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு அந்த வீடு அளவாக இருக்கும் என்றாள். பேச்சின் நடுவே போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மழையைக் கேள் என்றாள். மழையும் தவளைகளும் கேட்டன. நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அடுத்த கிழமை வெள்ளி வரை வீட்டை எங்களுக்காக வைத்திருப்பாள். அதற்குள் ஃபோர்மனிடம் லீவு கேளுங்கள். மழைக்கோட்டு இரண்டு வாங்கிவிட்டேன், பைனாகுலரையும் துடைத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து சேர்ந்தால் சரி.

அம்மன் உங்களைக் குளிரிலும் வேலையிலும் காக்கட்டும். பேபி அன்ரியின் வாழ்த்துப் பலிக்குமென்றால் பலிக்கட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் நான் அம்மனிடம் கேட்பது அதையல்ல. இரண்டு பேராகப் போய், இரண்டு பேராகவே வீட்டுக்குத் திரும்பி வருவோம், துஷாந்த். வாருங்கள்.

உங்கள்,
நிரூபா