ரெட்டுக்கு ஃபாலோ

என் மணி மச்சானுக்கு,

நீ போன பிறகு உன்னிடம் ஓடிவந்து சொல்ல இவ்வளவு பெரிய விஷயம் எனக்கு வந்ததே இல்லை. திங்கட்கிழமை கீமோ ஆரம்பம். மூஞ்சியைத் தொங்கப்போடாதே. நான் இங்கே கல்யாண வீட்டுக்காரன் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

கணையத்தில் புற்றுநோய்க் கட்டி. என் கண் மஞ்சளாக இருப்பதை உன் தங்கச்சி செல்விதான் முதலில் பார்த்தாள். ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் டாக்டரம்மா கீமோ பேச்சை எடுத்தார். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சம் இருக்கலாம், மருந்து ஏற்றினால் திரும்பி வருகிற வாய்ப்பு குறையும், உறுதி தர முடியாது, விரல் நுனி மரத்துப்போகலாம், முடிவு உங்களுடையது என்றார்.

விரல், மச்சான். காலடிப்பேட்டை கேரம் கிளப்பில் நாம் ஜோடியாக எதிரெதிரே உட்கார்ந்து ஜெயித்ததெல்லாம் இந்த விரலால்தானே? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செல்வி சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் போர்டை இழுத்துப்போட்டு, சிவப்புக் காயை மட்டும் குழியில் தள்ளினாள்.

"ரெட்டு உள்ள பூட்ச்சு. ஃபாலோ போடலன்னா இன்னா ஆவும்?"

"இன்னொரு காய் விழலன்னா ரெட்ட திரும்ப நடுவுல வெச்சிருவாங்க."

"தெரிதுல்ல? ஆபரேஷன் பண்ணி ரெட்ட போட்டுட்ட, ஃபாலோ பாக்கி கீது. எங்கண்ணன் இருந்தா இப்ப உன்ன எய்ந்துக்க வுட்டுருக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் வலிக்கிறது, அழுதாலும் வலிக்கிறது. மறுநாளே போய்ச் சம்மதம் சொன்னேன். மரத்துப்போனால் உடனே சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஃபைனலுக்கு முந்தின நாள் நம் இரண்டு பேருக்கும் சோறு இறங்காதே, அந்தப் பரபரப்புதான் அதிகம். எத்தனை நாளாயிற்று மச்சான், இப்படி இருந்து?

உன் ஸ்டூலில் இப்போது செல்வி உட்காருகிறாள். நமக்கு டீ கொடுக்க வந்தவள் எல்லா ஆட்டத்தையும் பார்த்துவைத்திருக்கிறாள். நேற்று நான் ஒரு சுலபமான காயை விட்டதற்கு உன்னை மாதிரியே திட்டினாள். உனக்குக் கேட்டதா?

காய் விழுமா விழாதா என்பது என் கையில் இல்லை. ஆனால் செல்வி தலையில் அடித்துச் சொல்கிறேன். விரல் மரத்தாலும் சரி, ஃபாலோவுக்கு அடிக்காமல் போர்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் எதிரே உட்கார்ந்தவன்,
குமார்