சொந்தம் தெரியாத காவல்

மார்ச் 4

ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தேன். என் அடிவயிற்றில் நாத்தனாரின் சிறுநீரகம் வேலை செய்கிறது. கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் குறை சொன்னவள், கேட்டதும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். இனி அவளை மனதாரத் திட்டவும் முடியாது.

டாக்டர் சொன்னார்: "ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள்தான் நம்ம காவல்காரங்க. ஒவ்வொரு செல்லையும் நிறுத்தி அடையாளம் பார்க்கும். சொந்தக்காரங்க குடுத்ததுன்னு அதுக்குத் தெரியாது. வெளி ஆளுன்னா அடிக்கும்." அதனால் காவலை அடக்கிவைக்க ஆயுள் முழுக்க மாத்திரை. காவல் அடங்கிக் கிடக்கும்போது சாதாரணச் சளியை விரட்டக்கூட ஆள் போதாது.

நான் வேலை பார்க்கும் துறைமுகத்தின் வாசல் காவலாளியும் இப்படித்தான். வருடக்கணக்காக என்னைத் தெரியும், அட்டை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டான்.

மார்ச் 19

"கிரேன் வேலைய விட்டுடு. கிருமி எங்க இருக்கும்னு யாரு கண்டா?" என்கிறார் கணவர்.

அவ்வளவு உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கன்டெய்னர் தூக்குகிற வேலை. அங்கே என் பக்கத்தில் இருமுவதற்கு யார் இருக்கிறார்கள்? வீட்டில்தான் நலம் விசாரிக்க வருகிறவர்கள் முகத்துக்கு நேரே தும்முகிறார்கள்.

மார்ச் 20

விடமாட்டேன்.

ஏப்ரல் 11

ரத்தப் பரிசோதனை சரியில்லை. சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். என் அணுக்கள் அதைத் தாக்கத் தொடங்கிவிட்டன. ஒரு மாத்திரைகூடத் தவறவிடவில்லையே, அப்புறம் எப்படி?

"வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது.

"பால்ல கொஞ்சம் பொடி கலந்தேன் அண்ணி... நோய் எதிர்ப்பு சக்தி கூடும்னு டப்பாவுல போட்டிருந்துச்சு. உங்களுக்குச் சளி பிடிச்சிடக் கூடாதேன்னு..."

அடிப்பாவி! மாத்திரை போட்டு நான் அடக்கிவைத்ததைப் பொடி போட்டு உசுப்பிவிட்டிருக்கிறாளே — அதுவும் அவளுடைய சிறுநீரகத்தின் மேலேயே! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 12

ஊசிமருந்து ஏறுகிறது. "அடங்கலாம், அடங்காமலும் போகலாம்" என்றுவிட்டார் டாக்டர். போனால் மறுபடி டயாலிசிஸ் படுக்கைதான்.

நாத்தனார் வாசலிலேயே நிற்கிறாள். "குடுத்ததை நானே கெடுத்துட்டேனே."

"உள்ள வா. உன் கிட்னிதானே? உன்னை மாதிரியேதான் இருக்கும். யாரு விரட்டினாலும் போகாது."

சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. பயந்துட்டேன்னு இந்த உடம்புக்குத் தெரியக் கூடாது.

ஏப்ரல் 16

தாக்குதல் தணிகிறதாம். மெதுவாகத்தான். பரவாயில்லை, நானும் அவசரப்படவில்லை.

ஜூலை 2

மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, கையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு டாக்டர் வேலைக்கு அனுப்பிவிட்டார். கூண்டில் கை படுகிற இடமெல்லாம் நானே துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் கன்டெய்னர் ஆடாமல் அசையாமல் கப்பலில் இறங்கியது. கணவர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். இருக்கட்டும்.

மத்தியானம் இறங்கி வேலியோரம் போனேன். சாப்பாடு கொண்டுவந்த நாத்தனார் வெளியே நின்று கிரேனை அண்ணாந்து பார்த்தாள். "அம்மாடி! என்னையும் ஒரு நாள் மேல கூட்டிட்டுப் போங்க அண்ணி."

"உன்னைத் தூக்கிக்கிட்டுத்தானே காலைல ஏறினேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்போ மெதுவா ஏறுங்க" என்றாள்.